தோல்வேலைக்கும் வார்ப்பின்னலுக்கும்: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது

தோல்வேலையில் ஆர்வம் வந்தவுடன் பலரும் வாங்குவது நாற்பது கருவிகள் அடங்கிய ஒரு பெட்டி. அதில் பத்துதான் கைக்கு வரும்; அந்தப் பத்தும் மழுங்கியிருக்கும். பெட்டி வாங்கியதுபோக மிஞ்சிய காசில் ஏதோ ஒரு தோலை வாங்கி, அது நேராக வெட்டப்படவில்லை, ஓரம் பஞ்சாகப் பிரிகிறது என்று இரண்டு வாரத்தில் மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள்.

வரிசையை மாற்றுங்கள். முதலில் எந்தப் பொருளைச் செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்: அட்டைப் பை (வங்கி அட்டைகள் வைக்கும் சிறு பை), பெல்ட், சாவிக்கொத்து வார், கைப்பட்டை, எதுவாக இருந்தாலும் ஒன்றே ஒன்று. அந்தப் பொருள் தோலின் தடிமனைச் சொல்லும். தடிமன் தையல் துளையின் இடைவெளியைச் சொல்லும், இடைவெளி நூலையும், நூல் ஊசியையும் சொல்லும். பின்னலிலும் இப்படியே வாரின் அகலமும் பிரிகளின் எண்ணிக்கையும் சேர்ந்து உள்ளே ஓடும் கயிற்றின் பருமனை முடிவு செய்யும். இந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வாங்கிய கருவி எத்தனை உயர்ந்ததானாலும் பயன்படாது.

தோல்: முதல் கேள்வி பதனீடு

எந்த விலங்கின் தோல் என்பதைவிட எப்படிப் பதனிட்டது என்பது முக்கியம். மரப்பட்டை, காய், கட்டை இவற்றின் துவர்ப்பில் வாரக்கணக்கில் ஊறி வருவது தாவரப் பதனீட்டுத் தோல். விற்பவர்கள் வெஜ் டான் என்பார்கள். மிமோசா, கெப்ராச்சோ, செஸ்ட்நட், ஆவாரம்பட்டை, கடுக்காய் எல்லாம் இந்தத் துவர்ப்பைத் தருபவை. குரோமியம் உப்பில் பதனிடுவது குரோம் டான். அதற்கு வாரங்கள் தேவையில்லை, ஓரிரு நாள் போதும்.

வெஜ் டான் விறைப்பானது. பதமாக நனைத்தால் அச்சு பதியும், கொடுத்த வடிவத்தில் நிற்கும், ஓரத்தை ஈரப்படுத்தித் தேய்த்தால் கண்ணாடிபோல் பளபளக்கும். வெயில் பட்டால் கருக்கும், தண்ணீர் சொட்டினால் கறை படியும். குரோம் டான் துணிபோல் துவளும், மழையைத் தாங்கும், பெரும்பாலும் சாயம் ஏறியே வரும். ஆனால் அதில் அச்சு நிற்காது, ஓரத்தை எத்தனை நேரம் தேய்த்தாலும் பஞ்சாகவே இருக்கும். அதற்கு ஓரச்சாயம் பூச வேண்டும், இல்லையென்றால் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும். கைத்தையல் பழகுவதற்கு வெஜ் டான்தான் சரி. குரோம் தோலில் தொடங்குபவர், தோலின் குணத்தால் வரும் கோளாறைத் தன் கைக்கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டையும் அடையாளம் காண வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். சாயம் ஊடுருவிய தோலில் இது தெரியாது. அப்போது உள்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வெஜ் டான் உடனே உறிஞ்சிக் கருக்கும், குரோம் தயங்கும். தோலின் நுனியைக் கொளுத்திப் பார்க்கும் சோதனை ஒன்று சொல்வார்கள். அது வேண்டாம். குரோம் தோல் எரியும்போது நச்சான ஆறிணைதிறக் குரோமியம் உண்டாகலாம். கைக்கடிகாரப் பட்டை, கைவளை போன்று உடம்பில் நேராக உரசும் பொருளுக்குக் குரோம் வாங்கினால் இந்தக் குரோமியம் அளவு சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம்.

பெயர்ப்பலகையில் உள்ள சொற்களும் ஏமாற்றும். ஃபுல் கிரெய்ன் என்றால் மேல்புறத்தை உரசாமல் விட்ட தோல். மயிர்க்கால், கொசுக்கடி, கீறல் தழும்பு எல்லாம் இருக்கும். உறுதியும் அதில்தான் அதிகம். கரெக்டட் கிரெய்ன் என்பது தழும்பு மறைய உரசி, மேலே செயற்கைப் பூச்சும் அச்சும் கொடுத்தது. ஸ்பிளிட் என்பது மேல்தோலைப் பிரித்தெடுத்த பின் அடியில் மிஞ்சும் அடுக்கு. தோல்தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கியது பாண்டட். அதில் தையல் போட்டால் துளை வரிசையில் அப்படியே கிழியும். ஜென்யூன் லெதர் என்ற முத்திரை தோல்தான் என்கிறதே தவிர, எந்த அடுக்கு என்று சொல்வதில்லை. அந்தச் சொல் மட்டும் இருந்து வேறு விவரம் இல்லாவிட்டால் ஸ்பிளிட் என்றே கொள்ளலாம்.

உடலின் எந்தப் பகுதி

ஒரே மாட்டின் தோலில் முதுகும் வயிறும் இரண்டு வேறு பொருள்கள். முதுகெலும்பை ஒட்டிய பின்பகுதியில் நார்கள் நெருக்கமாக இருக்கும், இழுபடாது. தோள்பகுதி சற்று நெகிழ்வு, கழுத்துச் சுருக்கக் கோடுகள் உண்டு, விலையும் நடுத்தரம். வயிற்றுப்பகுதி தளர்ந்தது, இழுத்தால் நீண்டுகொண்டே போகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வயிற்றுத் தோலில் பெல்ட் வெட்டினால், மாட்டிய சில மாதத்தில் துளைகள் நீள்வட்டமாகி, பெல்ட் வளைந்து நிற்கும். அச்சுப் பழகவும், உள்பக்க அடைப்புக்கும், கருவியின் கூர்மையைச் சோதிக்கவும் வயிறு போதும். பெல்ட், பையின் கைப்பிடி, நாய்க்கயிறு எல்லாம் முதுகெலும்புக்கு இணையாக வெட்டிய முதுகுத் தோலில்தான். அந்தத் திசையில் இழுபாடு மிகக் குறைவு.

தோலைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மேல்புறம் உள்நோக்கி இருக்கும்படி மெதுவாக மடக்குங்கள். மெல்லிய நெருக்கமான கோடுகள் விழுந்து, விட்டதும் மறைந்தால் நல்ல தோல். மேல்தோல் தனியாகக் கழன்றதுபோல் பெரிய மடிப்பாகப் பொங்கினால் நார் தளர்ந்துவிட்டது. அதில் செய்யும் எந்தப் பொருளும் சீக்கிரம் தொய்யும். பிறகு உள்புறத்தைப் பாருங்கள். தோலுரிக்கும்போது கத்தி பட்ட வெட்டுக்கோடு இருந்தால் விரலால் தடவி ஆழம் பாருங்கள். முன்பக்கம் அழகாக இருந்தாலும் அந்த இடத்தில் தோல் பாதித் தடிமன்தான். வார் வெட்டுபவர்களுக்கு இந்த ஒரு கோடு ஐந்தாறு இடத்தில் அறுபடும் வாராகத் திரும்பி வரும்.

தடிமன்

மில்லிமீட்டரில் பேசுங்கள். அவுன்ஸ் கணக்கில் விற்பவர்களிடம் 1 அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 0.4 மி.மீ. என்று பெருக்கிக்கொள்ளுங்கள். தோலின் தடிமன் ஒரே சீராக இருக்காது என்பதால் எப்போதும் "2.8 முதல் 3.2 வரை" என்று இரண்டு எண்களாகத்தான் சொல்வார்கள்.

பணப்பையில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஒரு பக்கத்தில் வெளித்தோல் ஒன்று, அட்டை அறைகள் மூன்று என்று வைத்தால் நான்கு அடுக்கு, மடித்தால் எட்டு. எல்லாவற்றையும் 1.6 மி.மீ. தோலில் வெட்டினால் காலிப் பையே 13 மி.மீ. வரும், அட்டைகளை வைத்தால் செங்கல். வெளித்தோல் 1.2, உள்ளறைகள் 0.8 என்று வைத்தால் அதே பை 7 மி.மீ.க்குச் சற்று மேல். ஆகவே வாங்குமுன் அடுக்குகளைக் கூட்டிப் பாருங்கள். ஒற்றைத் தோலில் செய்யும் சாவிக்கொத்துக்கு 2 முதல் 3 மி.மீ., பெல்டுக்கு 3.2 முதல் 4 மி.மீ., கத்தி உறைக்கு 3 மி.மீ. அளவில் எடுக்கலாம். தோள்பை வெஜ் டானில் என்றால் 1.8 முதல் 2.4.

தடித்த தோலை வாங்கி வீட்டில் மெலிதாக்கலாம் என்று எண்ணாதீர்கள். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டரைக் கையால் சீவலாம். முழுத் துண்டையும் சீராகச் சீவக் கையால் ஆகாது. வேண்டிய தடிமனுக்குப் பிளந்து தரும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், அதற்குச் சிறு கூலி கொடுப்பதே லாபம்.

எவ்வளவு வாங்குவது? தோல் சதுர அடிக்கணக்கில் விற்கும். 1 சதுர அடி 929 சதுர சென்டிமீட்டர். மாட்டுத் தோலில் பாதி, அதாவது ஒரு சைடு, 20 சதுர அடியைச் சுற்றி இருக்கும். காகிதத்தில் எல்லா உறுப்பையும் வெட்டிப் பரப்பிப் பார்த்து, வரும் பரப்போடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். தழும்பையும் வளைந்த ஓரத்தையும் தவிர்க்க அது வேண்டும். முதல் பெல்டுக்காக ஒரு சைடு வாங்குவது அறிவீனம். வெட்டிவைத்த 38 அல்லது 40 மி.மீ. அகலப் பட்டை ஒன்று போதும். அட்டைப் பைக்கு ஏ4 அளவில் வெட்டி விற்கும் துண்டுகள் கிடைக்கும். சதுர அடிக்குக் கணக்கிட்டால் விலை கூடுதல்தான், ஆனாலும் மூலையில் கிடந்து பூஞ்சை பிடிக்கும் பதினெட்டு சதுர அடியைவிட மலிவு.

கருவிகள்

கத்திதான் முதல். விலையுயர்ந்த அரைவட்டக் கத்தி தேவையில்லை. மழுங்கிய நுனியை உடைத்துப் போடும் வகை 18 மி.மீ. பிளேடு கத்தியும் இரும்பு ஸ்கேலும் போதும். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் 9 மி.மீ. பிளேடு 0.4 மி.மீ.கூடத் தடிமன் இல்லாதது, 3 மி.மீ. தோலில் அது உள்ளே வளைந்து ஓரத்தைச் சாய்வாக வெட்டும். மேலிருந்து பார்த்தால் கோடு நேராகத் தெரியும், இரண்டு துண்டை ஒட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். தடித்த தோலை ஒரே மூச்சில் அறுக்காமல், அழுத்தம் குறைத்து இரண்டு மூன்று தடவை அதே தடத்தில் ஓட்டுங்கள்.

கத்தியோடு கூடவே வாங்க வேண்டியது கூர்தீட்டும் பலகை. மரப்பலகையில் தோல் மிச்சத்தை உள்புறம் மேலாக ஒட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தேய்த்தால் ஆயிற்று. பிளேடை முதுகுப்பக்கமாக இழுத்துப் பத்துப் பதினைந்து முறை. வெட்டும் வேலை நடக்கும் நாளில் அரைமணிக்கு ஒருமுறை இதைச் செய்தால் தோல் வெண்ணெய்போல் போகும். குத்தூசி, ஓரம் சீவும் கருவி, துளைக்குழல் எல்லாம் கடையிலிருந்து வரும்போது கூராக இருக்காது. 400, 600, 1000 எண் உப்புத்தாளில் படிப்படியாகத் தீட்டிக் கடைசியில் இந்தப் பலகையில் இழுங்கள். தீட்டாமல் பயன்படுத்திவிட்டுக் கருவி மோசம் என்று சொல்பவர்களே அதிகம்.

அடுத்தது தையல் முள். இதில் இரண்டு வகை இருப்பது தெரியாமல் வாங்குபவர்கள் உண்டு. ஒன்று தோலைத் துளைத்து மறுபக்கம் வரும் தையல் உளி. மற்றது மேலே தடம் மட்டும் பதிக்கும் பிரிக்கிங் அயர்ன். அதைப் பதித்த பிறகு ஒவ்வொரு துளையாகக் குத்தூசியால் குத்த வேண்டும். தொடக்கத்துக்கு உளி. பல் இடைவெளி மூன்று வழக்கில் உண்டு: பணப்பைக்கு 3 அல்லது 3.38 மி.மீ., பைகளுக்கு 3.85 அல்லது 4, பெல்டுக்கு 4 முதல் 5. அந்த 3.38, 3.85 என்ற விசித்திர எண்கள் பழைய பிரெஞ்சு அங்குலத்திலிருந்து வந்தவை. அது சுமார் 27 மி.மீ.; அதை எட்டாகவும் ஏழாகவும் பங்கிட்டால் இவை கிடைக்கும். ஒரே இடைவெளியில் இரண்டு பல் உளி ஒன்றும் நான்கு அல்லது ஆறு பல் உளி ஒன்றும், ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். இரண்டு பல் வளைவுக்கு, மற்றது நேர்கோட்டுக்கு. வேறு வேறு தயாரிப்பாளரின் 4 மி.மீ. உளிகள் பல்லின் சாய்வில் மாறுபடும், தையல் வரிசை ஒரு இடத்தில் திடீரென்று முகம் திருப்பிக்கொள்ளும்.

உளியை அடிக்க இரும்புச் சுத்தி கூடாது; உளியின் தலை காளான்போல் விரியும். மரக் கொட்டாப்புளி அல்லது நைலான் தலை உள்ளது, அரைக்கிலோ எடையில். அடியில் கருங்கல் பலகை, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் பலகை வைத்தால் உளிமுனையும் பிழைக்கும், அக்கம்பக்கத்தாரும் பொறுத்துக்கொள்வார்கள். தையல்கோடு இழுக்க மரையாணி உள்ள கவராயம் ஒன்று போதும். ஓரத்திலிருந்து கோட்டின் தூரம் 3 முதல் 4 மி.மீ., மெல்லிய தோலில் இன்னும் கிட்டத்தில்.

நூல், ஊசி

3 மி.மீ. இடைவெளிக்கு 0.45 முதல் 0.55 மி.மீ. நூல். 3.85 அல்லது 4 இடைவெளிக்கு 0.6 முதல் 0.8. ஐந்துக்கு 0.8 முதல் 1. முதல்முறை தைப்பவர் பெரும்பாலும் 1 மி.மீ. நூலை 3 மி.மீ. துளையில் திணிப்பார், தையல் கோடாகத் தெரியாமல் மணிமாலைபோல் புடைக்கும். மெழுகேற்றிய பாலியெஸ்டர் பழகுவதற்கு எளிது, அறாது, முடிவில் நுனியைத் தீயில் உருக்கி ஒட்டலாம். லினன் நூலின் தையல் அழகே வேறு. ஆனால் நடுவில் பஞ்சு கிளம்பும், தேன்மெழுகில் அடிக்கடி இழுக்க வேண்டும், நீளமாக எடுத்தால் தேய்ந்து அறும். கடையில் கிடைக்கும் தட்டையான, மலிவான மெழுகுநூல் பல வண்ணங்களில் இருக்கும். பழகும் துண்டில் மட்டும் போடுங்கள்.

நூலின் நீளம் தையல்கோட்டின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு. அடுக்குகள் தடித்தால் ஐந்து. ஊசி இரண்டு வேண்டும், நூலின் இரு நுனிக்கும் ஒவ்வொன்று, ஊசிமுனை மழுங்கியதாக. கூரான ஊசி ஏற்கெனவே துளையில் இருக்கும் நூலைக் குத்திக் கிழிக்கும். ஊசி எண்ணில் எண் கூடினால் ஊசி மெலியும்: 4ஆம் எண் பணப்பைக்கு, 2ஆம் எண் தடித்த நூலுக்கு. ஊசியைக் குறடு போட்டு இழுக்க வேண்டியிருந்தால் ஊசியோ நூலோ துளைக்குப் பெரிது. இழுத்து ஜெயிக்கப் பார்க்காமல் எண்ணை மாற்றுங்கள்.

பின்னலுக்கான வார்

பின்னலுக்கு எது நல்லது என்று கேட்டால் தெரிந்தவர்கள் ஒரே குரலில் கங்காரு என்பார்கள். அதன் நார்கள் தோலின் பரப்புக்கு இணையாகச் சீராக ஓடுவதால், 0.7 மி.மீ. வரை மெலிந்தும் 3 மி.மீ. வாராக வெட்டிய பின்னும் இழுப்பைத் தாங்கும். மாட்டுத்தோலை அந்த அளவுக்குப் பிளந்தால் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நார்கள் அறுபட்டு, வலு போய்விடும். கங்காரு விலை கூடுதல். சில இடங்களில் சட்டமும் தடுக்கிறது. கலிபோர்னியாவில் கங்காருப் பொருட்களை விற்கக் கூடாது. அடுத்த நல்ல தேர்வு ஆட்டுத்தோலும் கன்றுத்தோலும்.

அதற்கும் முன்னால் நைலான் பாராகார்டில் நாற்பிரி, எண்பிரிப் பின்னல்களைக் கை தானாகப் பின்னும் வரை பழகுங்கள். பின்னும் வரிசை மறந்து பிரித்துப் பிரித்துக் கட்டினால் தோல்வார் இரண்டாம் முறையே நைந்துவிடும்.

சுருளாக விற்கும் வாரை வாங்கினால் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது ஒட்டு. மலிவான சுருளில் ஒரு மீட்டருக்கு ஒன்று என்று பசை ஒட்டு இருக்கலாம். பின்னலின் இழுப்பில் முதலில் விடுவது அதுதான். இரண்டாவது பூச்சு. வாரை இறுக மடக்கி நகத்தால் அழுத்துங்கள், சாயம் விரிசல் விட்டால் அது பூச்சு பூசிய ஸ்பிளிட். மூன்றாவது அகலம், ஐந்தாறு இடத்தில் அளந்து கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பின்னலின் முகம் கோணும். உருண்டையான தோல்கயிறு மணி கோக்க மட்டும்தான் சரி. ஸ்வீடு (பஞ்சுபோல் மெத்தென உரசிய தோல்) வார் அழகுக்கு மட்டும்.

சொந்தமாக வெட்டுவது கடினமில்லை. நீளக் கணக்கும் எளிது. தோலில் ஒரு வட்டம் வெட்டி, வெளியோரத்திலிருந்து சுழலாக வாரை இழுத்தால், வட்டத்தின் பரப்பை வாரின் அகலத்தால் வகுத்தால் வருவதே நீளம். 12 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 113 சதுர செ.மீ.; 4 மி.மீ. அகலத்தில் வெட்டினால் 2.8 மீட்டர். நடுவில் 3 செ.மீ. வட்டத்தை விட்டுவிட வேண்டும், அங்கே வளைவு அதிகம் என்பதால் வார் நிமிராது. அது போக 2.6 மீட்டர் கிடைக்கும். 20 செ.மீ. நாற்பிரிக் கைவளைக்கு ஒவ்வொரு பிரியும் 20ஐ ஒன்றரையால் பெருக்கி 30, முடிச்சுக்கு 15, ஆக 45 செ.மீ.; நான்கு பிரிக்கு 1.8 மீட்டர். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய துண்டில் வேலை முடிந்தது.

ஏன் ஒன்றரை மடங்கு? பிரி ஏறத்தாழ 45 பாகை சாய்வில் சுற்றி வருகிறது, அதுவே 1.41 மடங்கு. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்குவது மீதியைத் தின்னும். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பாதியில் தீர்ந்த வாரை மறைவாக ஒட்டுப்போடும் வித்தை பின்னலைவிடக் கடினம்.

வெட்டும் வரிசை தவறினால் எல்லாம் தவறும். முதலில் 4 மி.மீ. அகலத்தில் வெட்டுங்கள். பிறகு வாரின் ஒரு முனையைக் கட்டி, கைப்பிடி நீளமாக எடுத்து உறுதியாக இழுத்து நீட்டுங்கள்; பலவீனமான இடம் இருந்தால் இப்போதே அறும், பின்னலுக்குள் போய் அறுவதைவிட இது நல்லது. நீட்டிய பின் அகலம் ஒரே சீராக இருக்காது. அதன் பிறகுதான் 3 மி.மீ. அளவுக்குச் செதுக்க வேண்டும். நீட்டாமல் நேரடியாக 3 மி.மீ. வெட்டியவரின் பின்னல் ஒரு மாதத்தில் தொளதொளக்கும்.

கடைசியில் ஓரச் சீவல். உருண்டைப் பின்னலுக்கு உள்புறத்தின் இரண்டு ஓரத்தையும் சாய்வாகச் சீவ வேண்டும். அப்போதுதான் பிரிகள் ஒன்றன்கீழ் ஒன்று நுழைந்து பாம்புத்தோல்போல் மூடும். தட்டைப் பின்னலுக்கு ஒரு ஓரத்தை மேல்புறத்திலும் எதிர் ஓரத்தை உள்புறத்திலும் சீவுவார்கள். சீவாத பின்னல் கையில் முள்ளாக உறுத்தும்.

வார் வெட்டும் கருவிகள் பல விலைகளில் உண்டு. ஆணியால் அகலம் மாற்றும் எளிய மரப்பிடிக் கருவி நேர்வாருக்குப் போதும். வட்டத்தில் வெட்ட, ஒரு மரத்துண்டில் பிளேடைச் செங்குத்தாகப் பொருத்தி, அதற்கு 4 மி.மீ. தள்ளி ஒரு தடுப்பு வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். எந்தக் கருவியானாலும் பிளேடு மழுங்கியவுடன் வார் அலையடிக்கும். சில மீட்டருக்கு ஒருமுறை தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். இன்னொரு கருவி பின்னலைத் தளர்த்தி முடிச்சு நுழைக்கும் மழுங்கல் முள். அதன் நுனி தட்டையாக, பளபளவென்று மெருகேறியிருக்க வேண்டும். கூர் இருந்தால் பிரியைக் குத்திவிடும்.

உள்கயிறு விஷயத்தில் எல்லோரும் கண்ணளவில் போவார்கள். கணக்கு இருக்கிறது. பிரிகளின் எண்ணிக்கையை வாரின் அகலத்தால் பெருக்கி, 0.22ஆல் பெருக்குங்கள், அதிலிருந்து வாரின் தடிமனைப்போல் இரண்டு மடங்கைக் கழியுங்கள். எட்டுப் பிரி, 3 மி.மீ. அகலம், 0.8 மி.மீ. தடிமன் என்றால் 5.3இலிருந்து 1.6 போக 3.7 மி.மீ. கயிறு. நாற்பிரிக்கு இதே கணக்கு 1 மி.மீ. என்று வரும், அதாவது உள்கயிறு இல்லாமலே பின்னலாம். இது தொடக்கப் புள்ளிதான், பத்து செ.மீ. பின்னிப் பாருங்கள். பிரிகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் கயிறு பெரிது. பிரிகள் ஒன்றையொன்று ஏறி நெருக்கினால் கயிறு சிறிது. பின்னல் முறுக்கிக்கொண்டு போனால் கயிற்றைக் குறை சொல்லாதீர்கள், இரண்டு கையின் இழுப்பும் சமமில்லை.

பின்னும்போது வார் வழுக்கிக்கொண்டு இறுக, பின்னல் சோப்பு தடவுவது வழக்கம். ஒரு பங்கு துருவிய கட்டிச் சோப்பை நான்கு பங்கு கொதிநீரில் கரைத்து, நான்கு பங்கு விலங்குக் கொழுப்பைச் சேர்த்து மெல்லிய தீயில் பத்து நிமிடம் கலக்கினால், ஆறியதும் வெண்ணெய்ப் பதத்தில் உறையும். வாரைத் தண்ணீரில் ஊறவைத்துப் பின்னுவது தவறு. ஊறிப் பருத்த வார் காய்ந்ததும் சுருங்கி, இறுக்கமாகப் பின்னியது தளர்ந்து நிற்கும். பதனிடாத பச்சைத்தோல் வார் ஈரமில்லாமல் வளையாது என்றாலும், அதிலும் இதே காரணத்தால் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். முடித்த பின்னலை இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தி உருட்டினால் மேடு பள்ளம் அடங்கும்.

பசை, உலோகம்

பசைக்கு நியோபிரீன் வகை போதும். இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேருங்கள். ஈரமாகவே ஒட்டுபவர்கள்தான் பசை பிடிக்கவில்லை என்பார்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். அது முடியாத அறை என்றால் தண்ணீர் கலந்த வகைக்குப் போங்கள்.

பக்கிள், வளையம், ரிவெட் எல்லாவற்றுக்கும் திடப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு. மலிவானவை துத்தநாக வார்ப்பின்மேல் முலாம். பூச்சு உரிந்தால் சாம்பல் தெரியும், திருகினால் ஒடியும். காந்தம் பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது, ஆகவே காந்தச் சோதனை இரும்பை மட்டும்தான் பிடிக்கும். உள்பக்கத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டால் மஞ்சளா சாம்பலா என்று தெரிந்துவிடும். ஈரமான வெஜ் டான்மேல் இரும்பு படக் கூடாது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மைக்கறுப்பாகும், அந்தக் கறை எளிதில் போகாது. ரிவெட்டின் கால் தோலைத் தாண்டி 2 முதல் 3 மி.மீ. நீண்டிருக்க வேண்டும், கூடினால் உள்ளே வளையும், குறைந்தால் பிடிக்காது. பிரஸ் பட்டன் வாங்கும் கடையிலேயே அதற்குரிய அடிப்பானையும் வாங்குங்கள், பெயரில் ஒன்றாக இருந்தாலும் குமிழின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

யாரிடம் வாங்குவது

தோல் பதனிடும் ஆலைகள் நேரடியாக விற்றாலும் குறைந்தபட்ச அளவு பெரிதாக இருக்கும். மொத்த வியாபாரி முழுத்தோல் தருவார், வெட்டித் தர மாட்டார். பொழுதுபோக்குக்கு ஏற்றவர் வெட்டியும் பிளந்தும் தரும் கைவினைப் பொருள் விற்பனையாளர். பை, செருப்புத் தொழிற்கூடங்கள் எடைக்கணக்கில் விற்கும் வெட்டு மிச்சம் பழகுவதற்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பேரம். ஆனால் அதில் பதனீடும் தடிமனும் கலந்து கிடக்கும், நீங்களே பிரித்துக்கொள்ள வேண்டும். செருப்புத் தைப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் நூல், மெழுகு, பசை, குத்தூசி எல்லாம் கைவினைக் கடைகளைவிட மலிவாகக் கிடைக்கும். பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

இணையத்தில் வாங்குமுன் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: பதனீடு என்ன, தடிமன் எங்கிருந்து எங்கு வரை, உடலின் எந்தப் பகுதி, மேல்புறம் உரசியதா, விறைப்பா நெகிழ்வா, படத்தில் இருப்பதே வருமா, தரவகை என்ன, திருப்பி எடுப்பீர்களா. டி.ஆர். என்று தரவகை போட்டிருந்தால் தரம் பிரித்து ஒதுக்காமல் கலந்து வருவது என்று பொருள். நல்லதும் சுமாரும் வரும். பதனீட்டைக் கேட்டதற்கு "ஒரிஜினல் தோல்" என்று பதில் வந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஹெர்மன் ஓக், விக்கெட் அண்ட் கிரெய்க் போன்ற அமெரிக்க ஆலைகளின் பெயரைச் சொல்லி விற்பவர்கள் உண்டு. அப்படியானால் ஆலையின் முத்திரை தோலில் எங்கே இருக்கிறது என்று படம் கேட்கலாம். சாயத்தோல் எதுவானாலும் முதலில் மாதிரித் துண்டு வாங்கி, ஈர வெள்ளைத் துணியால் இருபது முறை தேய்த்துப் பாருங்கள். துணியில் இறங்கும் சாயம் நாளை சட்டையிலும் இறங்கும். ஒரு பொருளுக்கான தோல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த தடவை வரும் அதே பழுப்பு அதே பழுப்பாக இருக்காது.

பொட்டலம் வந்ததும் ஓரங்களிலும் வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) எட்டும் இடங்களிலும் தடிமனை அளந்து, சொன்ன எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; வெட்டிய தோலை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். தழும்புகளைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் உள்புறத்தில் வட்டமிட்டு வைத்தால் வார்ப்புரு பரப்பும்போது தேடவேண்டியதில்லை. மடித்து வைக்காமல் சுருட்டி, பிளாஸ்டிக் உறையை நீக்கி, பருத்தித் துணியில் சுற்றி வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் அடைபட்டால் பூஞ்சை. வெயிலில் விட்டால் வெஜ் டானின் வெளிப்பட்ட பாதி மட்டும் கருத்து, மூடிக்கிடந்த பாதி வெளுத்து நிற்கும்.